கடல்மண் வீட்டுக்கு எந்த வெக்யூம் கிளீனர்?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு ஒழுங்கைகள்தான். காலையில் கூட்டிய விறாந்தையில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் நறநறக்கும். வைகாசியில் கச்சான் தொடங்கினால் காய்ந்த தரையின் புழுதி மேற்கிலிருந்து வந்து யன்னல் வலையில் படியும். ஐப்பசிக்குப் பிறகு வாடை பிடித்தால் புழுதி அடங்கிவிடும், ஆனால் ஈரமும் உப்பும் வீட்டுக்குள் குடிவந்துவிடும். பின்னேரம் கடற்கரைக்குப் போய்வருகிற பிள்ளைகள் செருப்பிலும் காற்சட்டை மடிப்பிலும் கொண்டுவருகிற மண் தனிக் கணக்கு.

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் நோவோடும் குனிந்து கூட்டுவதை விடமாட்டேன் என்கிறார். மகளுக்குச் சின்னனிலிருந்தே முட்டு, அதாவது ஆஸ்துமா. தும்புத்தடியை எடுத்தாலே இருமத் தொடங்குவாள். இந்த இரண்டு பேருக்காகவும்தான் மெசின் வாங்குவது என்று தீர்மானித்தோம். எந்த மெசின் என்பதில் மூன்று மாதம் போய்விட்டது. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சி ஒன்று சொன்னாள், இவர் ஒன்று சொன்னார், மோட்டர் வைண்டிங் கடை பாஸ் இன்னொன்று சொன்னார். கடைசியில் பாஸ் சொன்னதுதான் நின்றது.

முதலில் எங்கள் குப்பையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு கிழமை கூட்டிய குப்பையை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். மேலே பஞ்சும் தலைமுடியும். ஊதித் தள்ளினால் கீழே முழுக்க மண், சிப்பித் தூள், நடுவில் கொஞ்சம் கறுப்பு மணிகள். வடக்கே புல்மோட்டையில் இல்மனைற் எடுக்கிறார்களே, அந்தக் கறுப்பு மண் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு பாரம். சாதாரண மணலும் லேசுப்பட்டதில்லை. அதிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறுகிற கடினம். விளம்பரங்களில் மெசின் இழுத்துக் காட்டுவது கம்பளத்தில் சிந்திய சோளப்பொரியும் பூனை மயிரும். எங்கள் வீட்டில் கம்பளமும் இல்லை, பூனையும் இல்லை. ஆகவே அந்த விளம்பரங்களில் எங்களுக்குப் பெரிதாக வேலையில்லை.

இதை முன்பே யோசித்திருந்தால் முதல் மெசினில் ஏமாந்திருக்க மாட்டோம். நகரத்துக் கடையொன்றில் பண்டிகைக் கழிவு விலையில் வாங்கியது. கண்ணாடி மாதிரிக் கோப்பை, உள்ளே தூசி சுழல்வது தெரியும், பெட்டியில் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. மகன் அதைப் பார்க்கிறதற்காகவே அறை கூட்டினான். எட்டாம் மாதம் இழுவை குறைந்தது. பில்டரைக் கழுவச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது, கழுவினேன். 24 மணித்தியாலம் காயவிட வேண்டும் என்றும் இருந்தது. அது கார்த்திகை மாதம். எங்கள் ஊரில் கார்த்திகையில் பள்ளிக்கூடச் சீருடையே மூன்று நாளைக்குக் காயாது. அரைகுறை ஈரத்தோடு மாட்டியதில் உள்ளே புழுதி சேறாகிவிட்டது. பிறகு ஒரு கீச்சுச் சத்தம், பிறகு கருகல் மணம். 14 மாதத்தில் கதை முடிந்தது. உத்தரவாதம் 12 மாதம்.

பாஸிடம் கொண்டுபோனேன். அவர் தண்ணிப் பம்பு, கிரைண்டர், மின்விசிறி எல்லாவற்றுக்கும் கம்பி சுற்றுகிறவர். நாலு ஸ்குரூவைக் கழற்றி மோட்டரை வெளியில் எடுத்து மேசையில் தட்டினார். மண் கொட்டியது.

"ரீச்சர், உது மண் குடிச்சுக் குடிச்சுச் செத்திருக்கு."

வெக்யூம் கிளீனர் எப்படிச் சாகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வயரில் ஓடுகிற சாதாரண மெசின்களில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டர். நிமிடத்துக்கு 20,000, 30,000 சுற்று என்று ஓடும். கையில் பிடிக்கிற ட்ரில் மெசினிலும் மிக்சியிலும் இருக்கிற அதே சாதிதான். கார்பன் தேயும்; அது தேய்வதற்கென்றே வைத்த பொருள், மாற்றலாம். ஆனால் வீட்டு மெசின்கள் பலவற்றில் மோட்டரைக் குளிர்விப்பதும் உறிஞ்சிய அதே காற்றுத்தான். பில்டர் அடைபட்டால் இழுவை மட்டும் குறைவதில்லை, மோட்டருக்கு மூச்சும் நின்றுவிடுகிறது. பில்டர் ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தால் மண் நேரே பெயரிங்குக்குப் போகிறது. எங்கள் மெசினில் இரண்டும் நடந்திருந்தன. கார்பனை பாஸ் ட்ரில் மெசினின் கார்பனில் அரத்தால் ராவிப் போட்டுத் தருவார். பெயரிங் உட்காரும் பிளாஸ்ரிக் உருகிப்போனதற்கு அவராலும் வழியில்லை. புதிய பில்டர் கேட்டுக் கடைக்குப் போனபோது, "அந்த மொடல் இப்ப வாறதில்லை அக்கா" என்றார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு மெசினின் நம்பகம் என்றால் மூன்று கேள்விதான். மண் மோட்டரைத் தொடுமா? உப்புக் காற்றில் எது துருப்பிடிக்கும்? பழுதானால் திருகோணமலையில் யார் திறப்பார்கள்? இழுவை நாலாவதாக வரட்டும்.

இழுவையைப் பற்றிக் கடையில் சொல்கிற எண்களை நம்பவேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வாட்ஸ் என்பது மெசின் தின்கிற கரண்ட். இழுக்கிற பலம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட்ஸுக்கு மேற்பட்ட வீட்டு வெக்யூம் கிளீனர்களைச் சந்தையில் விட முடியாது என்றது. 2017இல் அதை 900 ஆகக் குறைத்தது. அங்கே வீடுகள் குப்பையாகிப் போகவில்லை. தும்பிக்கை போல ஹோஸும் சிரித்த முகமுமாக வருகிற இங்கிலாந்தின் ஹென்றி மெசின் 1981 முதல் ஓடுகிறது. இப்போதைய சாதாரண மொடல் 620 வாட்ஸ்தான். அந்த ஐரோப்பிய விதியில் எனக்குப் பிடித்தது வேறொரு பகுதி. மோட்டர் குறைந்தது 500 மணித்தியாலம் உழைக்க வேண்டும், ஹோஸ் 40,000 தரம் வளைந்தும் கிழியக்கூடாது. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் என்று போட்டால் வருடத்துக்கு 78 மணித்தியாலம். 500 மணித்தியாலம் ஆறு வருடத்துக்கு மேல் வரும். நல்ல மெசினிடம் இவ்வளவாவது எதிர்பார்க்கலாம் என்று இதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

பாஸ்கல் கணக்கும் அப்படித்தான். வயர் மெசின்களில் 18,000, 20,000 பாஸ்கல் என்று எழுதுவார்கள், ரோபோவில் 4,000, 8,000. அது குழாய் வாயை முழுக்க அடைத்துவிட்டு அளக்கிற அழுத்தம். மண்ணைத் தூக்குவதற்கு அழுத்தத்தோடு காற்றோட்டமும் வேண்டும். பாரமான மணலை ஒரு மீற்றர் குழாய்க்குள்ளால் மேலே கொண்டுபோக வேண்டுமே.

இனி எங்கள் முன்னால் இருந்த மெசின்கள்.

தங்கச்சி சொன்னது வயரில்லாத ஸ்ரிக் மெசின். அவளிடம் ஒன்று இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு வீடியோவில் வீடு முழுக்க நடந்து காட்டினாள். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. குனிய வேண்டாம், வயர் தடுக்காது, இரண்டரை மூன்று கிலோதான். நியாயமான ஆசை. ஆனால் கணக்குப் பார்த்தேன். உள்ளே ஆறோ ஏழோ லித்தியம் செல். 25.2 வோல்ட், 2.5 அம்பியர் மணி என்றால் 63 வாட்-ஹவர் சக்தி. முழு வேகத்தில் மோட்டர் 400 வாட்ஸ் எடுத்தால் ஒன்பது நிமிடம், மெதுவான வேகத்தில் வைத்தால் நாற்பது நிமிடம் வரும். மெதுவான வேகம் பஞ்சை எடுக்கும். டைல்ஸ் இடுக்கில் இருக்கிற மண்ணுக்கு முழு வேகம் வேண்டும். எங்கள் வீட்டில் விறாந்தை முடியும்போது பற்றரியும் முடிந்துவிடும்.

லித்தியம் பற்றரி சூட்டில் சீக்கிரம் கிழடாகும். ஆவணி மாதத்து அறைச் சூட்டில் சுவரில் மாட்டி இருபத்துநான்கு மணி நேரமும் சார்ஜில் விடுவது அதற்கு நல்லதல்ல. 300 முதல் 500 தரம் ஏற்றி இறக்கினால் கொள்ளளவு விழத் தொடங்கும். அப்போது புதிய பற்றரி இங்கே எங்கே? 2022ஐ இன்னும் மறக்கவில்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த வருடமே பல பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியும் வைத்தது. பற்றரி மெசின் கரண்ட் இல்லாதபோதும் ஓடும் என்று இவர் வாதாடினார். ஓடும். ஆனால் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத வீட்டில் யாருக்கு வெக்யூம் பிடிக்க மனம் வரும்?

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், இது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம். கனடாவின் வயர் மெசின் 120 வோல்ட். எங்கள் 230 வோல்ட் பிளக் பேஸில் மாட்டினால் ஒரு சத்தம், ஒரு புகை, அவ்வளவுதான். 1400 வாட்ஸ் மெசினுக்கு ஏற்ற ட்ரான்ஸ்போமர் வாங்கினால் அது மெசினைவிடப் பாரமாக இருக்கும். பற்றரி மெசின் என்றால் சார்ஜரின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இருந்தால் பின்னை மாற்றிப் பாவிக்கலாம். தனியாகக் கொண்டுவருகிற பற்றரி விமானத்தில் கைப்பையில்தான் வரவேண்டும், 100 வாட்-ஹவருக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். அங்கே தந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் வாங்கும்போதே கேட்கவேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கட்டாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் கொண்டுவருகிறவை பெரும்பாலும் பிரச்சினையில்லை, 220–240 வோல்ட், சதுரப் பின். சவூதியிலிருந்து வந்த பழைய மெசின் என்றால் மட்டும் லேபலை ஒருக்கால் பாருங்கள், அங்கே 127 வோல்ட் இணைப்புகளும் இருந்தன.

யப்பான் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிற மெசினும் இதே வகைதான். பார்க்க ஆசையாக இருக்கும், பூட்டுகள் எல்லாம் பட்டுப் போல மூடும். 100 வோல்ட். விட்டுவிடுங்கள்.

ரோபோவுக்கு அதிகம் எழுதப் போவதில்லை. 2002இல் ரூம்பா என்கிற ரோபோ மெசின் வந்ததிலிருந்து இந்த இனம் நிறைய முன்னேறியிருக்கிறது, சுவரை அளந்து படம் போடுகிறது, தானே போய்ச் சார்ஜ் ஏற்றுகிறது. அதனால் ஏறக்கூடிய படியின் உயரம் பொதுவாக இரண்டு சென்ரிமீற்றர். எங்கள் வீட்டின் நிலைப்படி ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம், மழைத்தண்ணி உள்ளே வராமல் அப்பா கட்டுவித்தது. ஆக ஒவ்வோர் அறைக்கும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் விடவேண்டும். அம்மாவின் கேள்வி: "தூக்கித் தூக்கி விடுறதெண்டா நானே கூட்டலாமே?" தூசிப் பெட்டி அரை லீற்றர் கூட இருக்காது, பக்கத் தூரிகையின் பற்சில்லுக்குள் மண் போனால் அது சுற்றாது. மேல்மாடி வீடு, முழுக்க டைல்ஸ், நிலைப்படி இல்லை, கடலும் தூரம் என்றால் யோசிக்கலாம். பாலையூற்றுப் பக்கம் தொடர்மாடியில் இருக்கிற சிநேகிதி ஒருத்தி வைத்திருக்கிறாள், சந்தோசமாக இருக்கிறாள்.

கோப்பை வைத்த சைக்குளோன் மெசினின் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இந்த முறையை வீட்டு மெசினுக்குக் கொண்டுவந்த இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் டைசன் தன் முதல் சைக்குளோனுக்கு 5,127 மாதிரிகள் செய்து பார்த்ததாகச் சொல்வார். அந்த உழைப்பு மலிவு மெசின்களுக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நல்ல சைக்குளோன் மணலைச் சுழற்றி வீழ்த்துவதில் கெட்டிக்காரன்தான், மணல் பாரம் என்பதால் சீக்கிரம் விழும். திண்டாடுவது மெல்லிய பொடியில். எங்கள் வீட்டில் சாமி அறையைச் சுற்றி விபூதி, குசினியில் அரிசிமா. இந்த இரண்டும் சைக்குளோனைத் தாண்டிப் போய் பில்டரில் அப்பிக்கொள்ளும். கழுவு, காயவிடு, கார்த்திகையில் காயாது. இரண்டு பில்டர் சேர்த்து வாங்க முடிந்தால் மட்டும் இதைப் பற்றிப் பேசலாம்.

பை போடுகிற இழுவை மெசின், அதாவது சில்லு வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற பழைய ரகம். இதைத்தான் நான் மிக நெருக்கமாக யோசித்தேன். தூசி பைக்குள்ளேயே அடைந்துவிடும், பையை வாய்மூடி அப்படியே எறியலாம். மோட்டருக்கு முன்னால் பை ஒரு தடுப்பு, அதற்குப் பிறகு இன்னொரு பில்டர். சத்தமும் குறைவு. முட்டு இருக்கிற வீட்டுக்கு இதுதான் சரி என்று பலரும் சொல்வார்கள், தவறும் இல்லை. கோப்பை மெசினில் இழுத்த தூசியைக் கொட்டும்போது பாதி மறுபடி மூக்கில்தான் ஏறுகிறது.

அப்படியானால் ஏன் அதை வாங்கவில்லை? பை. அந்த மொடலின் பை திருகோணமலையில் கிடைக்கவேண்டும். பிரதான வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன், மெசின் இருந்தது, பை இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக எடுக்கலாம், 260 கிலோமீற்றர் தாண்டி. பை இல்லாத நாளில் பழைய பையைத் தட்டித் திரும்பப் போடத் தோன்றும். அன்றைக்கே மோட்டருக்கு நாள் குறிக்கப்படும். இந்த ரகத்தை வாங்குவதென்றால் மெசினோடு சேர்த்து ஒரு வருடத்துப் பையையும் வாங்கிவிடுங்கள். தோய்த்துப் பாவிக்கிற துணிப்பை வருகிற மொடல்களும் உண்டு, அவற்றில் மெல்லிய தூசி துணிக்குள்ளால் கொஞ்சம் தப்பும்.

இனி பாஸ் சொன்ன டிரம் மெசின். ஈரம், காய்ந்தது இரண்டையும் இழுக்கும் என்று விற்கிறார்களே, அது. வாகனம் கழுவுகிற கடைகளில் கண்டிருப்பீர்கள். மேலே மோட்டர்த் தலை, கீழே வாளி, பக்கத்தில் இரண்டு பூட்டு. கார்ச்சர் என்கிற ஜேர்மன் கம்பனியின் மஞ்சள் வாளி டபிள்யூடி 3 இந்த இனத்தில் பலருக்குத் தெரிந்த முகம்: 1000 வாட்ஸ், 17 லீற்றர். வேறு பெயர்களிலும் நிறைய வருகின்றன.

"இதில என்ன விசேசம் எண்டா ரீச்சர், மோட்டர் குளிர்றதுக்கு வேற காத்து. இழுக்கிற காத்து வேற வழி." தண்ணீர் இழுக்கும் மெசின் என்பதால் உறிஞ்சும் காற்றையும் குளிர்விக்கும் காற்றையும் பிரித்தே செய்கிறார்கள். பில்டர் கொஞ்சம் அடைபட்டாலும் மோட்டருக்குத் தனி மூச்சு. வாளி பெரிது, மண் பாரத்தில் நேரே அடிக்கு விழுந்துவிடும், பில்டருக்குப் போவது மிச்சத் தூசி மட்டும். தலையைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறதென்று ஐந்து நிமிடத்தில் தெரியும். தண்ணீர் நிறைந்தால் உள்ளே ஒரு மிதவைப் பந்து மேலே வந்து காற்று வழியை அடைக்கும். சத்தம் மாறும், நிறுத்தி வாளியைக் கவிழ்க்க வேண்டியதுதான்.

தண்ணீர் என்றதும் அம்மா காது கொடுத்தார். கார்த்திகை, மார்கழியில் சாரல் அடித்து விறாந்தையில் குளம் கட்டும், சாக்குப் போட்டு ஒற்றி ஒற்றிப் பிழிவோம். இந்த வேலையை எங்கள் ஊரில் வேறு எந்த வெக்யூம் கிளீனரும் செய்யாது. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். தண்ணீர் இழுக்கும்போது பையையும் காகித பில்டரையும் கழற்றிவிட்டு, புத்தகம் சொன்னால் ஸ்பொஞ்சு உறையைப் போடவேண்டும். சில மொடல்களில் காகித பில்டரே இரண்டுக்கும் பொது, புத்தகத்தைப் பார்க்காமல் கை வைக்கவேண்டாம். வீட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ரெஸ்ட் (test) பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஈரத்தரையில் இறங்கவேண்டும். சாதாரண மெசினால் ஈரத்தை இழுக்கப் போனவர்கள் கதையை பாஸ் நிறைய வைத்திருக்கிறார்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. சத்தம். டிரம் ஓடும்போது மற்ற அறையில் ரெலிபோன் அடித்தால் கேட்காது. பருமன், கட்டிலுக்கடியில் வைக்க முடியாது. வயர் பல மொடல்களில் நாலு மீற்றர்தான், பிளக் பேஸ் மாற்றி மாற்றிக் குத்தவேண்டும். தனியாக நீட்டுவதென்றால் 13 அம்பியருக்குச் செய்த தடித்த வயர் வேண்டும், ரேடியோ ஓடுகிற மல்ரிப் பிளக் சூடேறி உருகும். பெரிய குறை பின்பக்கக் காற்று. பை இல்லாமல் வெறும் வாளியோடு ஓட்டினால் மண் உள்ளே நிற்கும், மெல்லிய தூசி மறுபடி அறைக்குள் வரும். மகளின் நெஞ்சுக்கு அது ஆகாது. ஆகவே டிரம் வாங்கினால் உள்ளே துணிமாதிரியான ஃப்ளீஸ் பை போடக்கூடிய மொடல்தான் வாங்கவேண்டும். பை இருந்தால் பில்டருக்கும் ஆயுள். டிரம் மெசினின் பைக்கும் தட்டுப்பாடு வரலாம், ஆனால் வாய் அளவு சரியாக இருந்தால் இன்னொரு பெயருடைய பையையும் பொருத்தலாம், கடைசிக்குக் காகித பில்டரோடும் சமாளிக்கலாம். வெறும் இழுவை மெசினில் அந்தச் சமாளிப்பு இல்லை.

வாளி பிளாஸ்ரிக்கா ஸ்ரீலா என்று கேட்டால் எங்கள் பக்கத்துக்குப் பிளாஸ்ரிக். ஸ்ரீல் வாளி பளபளக்கும், கடைக்காரர் அதைத்தான் முன்னுக்கு வைப்பார். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற வீட்டில் வாளி தப்பினாலும் பூட்டுக் கம்பியும் சில்லு ஆணியும் தப்பாது. எங்கள் கேற்றின் கீலை வருடத்துக்கு இரண்டு தரம் மாற்றுகிறோம். மெசினைக் கடற்பக்க யன்னலுக்குக் கீழே வைக்காமல் உள்ளறை அலுமாரிக்கு அருகில் வைத்து, பழைய தலையணை உறையால் மூடிவிடுவது பெரிய உதவி. உப்பு முதலில் பிடிப்பது சுவிட்சையும் வயர் இணைப்பையும்தான்.

மகளின் முட்டு விஷயத்தில் மெசின் வியாபாரிகள் கொஞ்சம் கூடச் சொல்கிறார்கள். ஹெப்பா என்றால் 0.3 மைக்ரோன் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் பில்டர், ஐரோப்பிய முறையில் எச்13 என்றால் 99.95. நல்லதுதான். ஆனால் மெசினின் உடம்பில் வேறு இடுக்கால் காற்றுத் தப்பினால் அந்த எண் பெட்டியில் மட்டும் இருக்கும். "ஹெப்பா மாதிரி" என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா இல்லை. முட்டைக் கிளப்புகிற பெரிய எதிரி மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிற தூசி உண்ணி. ஒரு மில்லிமீற்றரில் கால்வாசி இருக்கும், எங்கள் தோலில் உதிர்வதைத் தின்னும், ஈரப்பதன் ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்றால் கொண்டாட்டம். திருகோணமலைக் கரையில் அதற்கு வருடம் முழுக்கக் கொண்டாட்டம்தான். மெசின் மெத்தையின் மேலே இருக்கிற தூசியையும் உண்ணியின் எச்சத்தையும் குறைக்கும், உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிற உண்ணியை இழுத்து எடுக்காது. அதற்கு விரிப்பை 60 பாகை வெந்நீரில் தோய்ப்பதும், தலையணைக்கு நெருக்கமான நெசவில் உறை போடுவதும் வேண்டும். வெக்யூம் பிடிக்கும்போது மகள் வெளியில் நிற்பாள், முடித்து அரை மணித்தியாலம் கழித்துத்தான் உள்ளே வருவாள். இன்ஹேலர் விஷயம் டாக்டருடையது, அதில் மெசினுக்குப் பங்கு இல்லை.

கரண்ட் கணக்கைக் கேட்டவர்களுக்கு: 1000 வாட்ஸ், அரை மணித்தியாலம், கிழமைக்கு மூன்று நாள் என்றால் மாதத்துக்கு ஆறரை யூனிற் அளவு. உங்கள் பில், கட்டண வீதம் கூடுகிற 60 யூனிற்றின் விளிம்பில் நிற்கிறதென்றால் மட்டும் அந்த ஆறரையும் பெரிது.

கடைக்குப் போகும்போது நான் கைப்பையில் ஒரு சின்னப் பொலித்தீன் பை மண் கொண்டுபோனேன். இவர் வெட்கப்பட்டு வாசலில் நின்றுகொண்டார். தரையில் கொட்டி இழுத்துக் காட்டச் சொன்னேன். ஒரு கடையில் மறுத்தார்கள், வெளியில் வந்துவிட்டேன். மற்றக் கடையில் சிரித்துக்கொண்டே செய்தார்கள். குழாயின் வாயை உள்ளங்கையால் மூடினால் சத்தம் உயரவேண்டும். உயராவிட்டால் எங்கோ காற்று ஒழுகுகிறது. ஹோஸ் முனை சுழலுமா, குழாய் உலோகமா பிளாஸ்ரிக்கா, பூட்டை அம்மாவின் கையால் திறக்க முடியுமா என்று பார்த்தேன். கார்பன், பில்டர், ஹோஸ் மூன்றும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டேன். "ஓம்" என்று வாயால் சொன்னது போதாது, பில்டரை எடுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் அங்கேயே போடுவித்தேன். பிறகு தகராறு வந்தால் பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதற்கும் அந்த அட்டையும் பில்லும்தான் கையில் இருக்கவேண்டும். போன தரம் பில்லைத் தொலைத்தவள் நான்.

வீடு திருத்துகிறவர்களுக்கு ஒரு சொல். சீனக்குடாவில் சீமெந்து ஆலையைப் பார்த்து வளர்ந்த ஊர் என்பதால் சீமெந்துத் தூள் எங்களுக்குச் சாதாரணம் மாதிரித் தெரியும். சுவர் வெட்டிய தூளையும் டைல்ஸ் அறுத்த தூளையும் வீட்டு மெசினால் இழுக்காதீர்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டி அள்ளுங்கள். சாம்பிராணிச் சட்டிச் சாம்பலும் அப்படியே, தணல் உள்ளே ஒளிந்திருக்கும், பையில் போய்ப் பற்றும்.

கடைசியில் வாங்கியது 1000 வாட்ஸ் பிளாஸ்ரிக் டிரம், ஃப்ளீஸ் பையோடு, ஒரு உபரி பில்டரும் சேர்த்து. தங்கச்சியின் ஸ்ரிக் மெசினை வேண்டாம் என்று சொல்லவில்லை. சார்ஜரின் படத்தை அனுப்பினாள், 100–240 இருக்கிறது. வருகிற ஆடியில் அவள் வரும்போது கொண்டுவரட்டும். மெத்தைக்கும் செற்றிக்கும் யன்னல் திரைக்கும் அது உதவும், அம்மாவின் ஆசையும் தீரும், தரையில் மண் இழுக்க மட்டும் அதைத் தொடவிடமாட்டேன். தும்புத்தடி முற்றத்து வாசலில் அப்படியே சாத்திக் கிடக்கிறது. வாசற்படியில் பெரிய மண்ணை முதலில் அதால் தள்ளிவிட்டால் மெசினுக்குப் பாதி வேலை.

டிரம்மின் சத்தத்துக்கு அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: காலைப் பூசை முடியுமுன் தொடங்கக்கூடாது. சனிக்கிழமை பாஸின் கடைக்குப் போகவேண்டும். செத்த மெசினின் குழாயும் தூரிகையும் நல்லாகத்தான் இருக்கின்றன. புதியதன் வாய் 35 மில்லிமீற்றர், பழையது 32. இடையில் ஒரு றப்பர் வளையம் போட்டால் பொருந்தும் என்கிறார்.